இருபத்திரண்டு கிலோ மணல்

பொள்ளாச்சியில் ஒரு குரு இருந்தார். யாரும் அவரைக் குரு என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால், உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டிருப்பார். பெயர் கலாமணி. வயது முப்பத்தாறு. உடுமலை ரோட்டில், கார்களுக்கு, சேறு தெறிக்காமல் தடுக்கும் ரப்பர் மட்ஃபிளாப்பும் சீட் கவரும் மாட்டித் தரும் தகரக் கொட்டகைக் கடை அவருடையது.

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. பெயர் திருமூர்த்தி. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர்.

சீடர் குருவிடம் வந்தது ஞானம் கேட்டு அல்ல. மன்னிப்புக் கேட்டு. வாயைத் திறக்க அவருக்கு ஏழு மாதம் பிடித்தது.

நடந்தது இதுதான்.

ஐப்பசி மாதம், மழை நாள், சாயங்காலம். திருமூர்த்தி உடுமலையிலிருந்து தன் வெள்ளை எலக்ட்ரிக் காரில் வந்துகொண்டிருந்தார். கார் வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. வாய்க்கால் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மொபெட் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியது ஒரு பெண். பின்னால் பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிறுமி. திருமூர்த்தி ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தினார். எலக்ட்ரிக் வண்டிக்கு அது போதும், சத்தமே இல்லாமல் பாய்ந்துவிடும். மொபெட்டைத் தாண்டிய வேகத்தில் கார் பாலத்தின் தொடக்கத்தில் தேங்கியிருந்த செம்மண் தண்ணீரில் இறங்கி ஏறியது. கண்ணாடி ஏற்றியிருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்தார்.

மறுநாள் பேப்பரில் நாலு வரிச் செய்தி வந்தது. தாய் ஓட்டிய மொபெட் மழையில் வழுக்கியது. பின்னால் இருந்த ஒன்பது வயதுச் சிறுமி விழுந்து இறந்தாள். பாலத்தின் பெயரும் நேரமும் போட்டிருந்தது.

திருமூர்த்தி எழுந்து போய்க் காரின் பின்சக்கரத்தைப் பார்த்தார். சக்கரத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. மட்ஃபிளாப் போடட்டுமா என்று கார் விற்ற பையன் கேட்டிருந்தான். அழகு கெட்டுவிடும், வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான்.

போலீஸ் வரவில்லை. யாரும் அவரைத் தேடவில்லை. தேடியிருந்தால் கூட அவருக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும். காருக்கு உறை போட்டு மூடினார். கண் சரியாகத் தெரியவில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, எங்கே போனாலும் பஸ்ஸில் போனார்.

இறந்தது யாருடைய குழந்தை என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. தை பிறந்ததும் அந்தத் தாயைப் பார்க்கக் கலாமணியின் கடைக்குக் கிளம்பினார். கடை வாசலில் 'வேலைக்கு ஆள் தேவை' என்று அட்டை தொங்கியது. உள்ளே ஒரு காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"அம்மிணி..." என்றார் திருமூர்த்தி.

"வேலைக்குங்களா?"

திருமூர்த்தி திரும்பி வாசல் அட்டையைப் பார்த்தார்.

"அந்தத் தட்டத்துல ஸ்குரூ முடுக்கற ஸ்டார் பிட்டு இருக்கும் பாருங்க. இருவதாம் நம்பரு. எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தார்.

"நம்பர் பாத்து எடுக்கறீங்களே, பரவால்ல. நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துருங்கண்ணா."

மன்னிப்புக் கேட்கப் போன மனிதர் வேலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். மறுநாள் எட்டரை மணிக்கே போய் நின்றார்.

அப்படித்தான் அவர் சீடரானார்.

முதல் வாரம் ஒரு எலக்ட்ரிக் கார் வந்தது. மட்ஃபிளாப்பில் மூன்று ஓட்டை இருந்தது, வண்டியில் இரண்டுதான் இருந்தது. திருமூர்த்தி டிரில் மெஷினை எடுத்தார்.

"எங்கீங்க போடப் போறீங்க?" என்றார் கலாமணி.

"இங்க, இந்தத் தகடுல. ஒரு ஓட்டை போட்டா முடிஞ்சுதுங்க."

"அத வெச்சுட்டு அடியில படுங்க."

படுத்தார்.

"தலைக்கு மேல கையை வெச்சுத் தடவிட்டே வாங்க. அது என்ன?"

"பேட்டரிப் பெட்டிங்க."

"எங்க முடியுது?"

கை போய்க்கொண்டே இருந்தது. முன் சீட்டுக்கு அடியில் ஆரம்பித்தது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் முடிந்தது. அதை ஒட்டி, பேட்டரி மின்சாரம் போகும் தடித்த ஒயர் ஒன்று ஆரஞ்சு நிறத்தில் ஓடியது. டிரில் வைக்கப் பார்த்த இடத்துக்கும் அந்த ஒயருக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்.

முப்பது வருடம் கம்பத்தில் ஏறியவருக்கு வியர்த்துவிட்டது.

"நீங்க லைன்ல இருந்தவரு. உங்களுக்கு நான் சொல்லோணுமா?" என்றார் கலாமணி. "உள்ள என்ன ஓடுதுன்னு தெரியாத எடத்துல ஓட்டை போடாதீங்க. ஏற்கெனவே இருக்கற ஓட்டைல மாட்டப் பாருங்க. மாட்ட முடியலீன்னா சும்மா இருங்க."

அன்றைக்குத்தான் சொல்லிவிடுவது என்று வந்திருந்தார் திருமூர்த்தி. சும்மா இருந்துவிட்டார்.

மத்தியானம் கலாமணி தூக்குப்போசியைத் திறந்து தயிர்சோற்றில் பாதியை மூடியில் போட்டு அவர் பக்கம் தள்ளினார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். அந்தச் சோறு தொண்டையில் இறங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவருக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு தினமும் அப்படியே ஆயிற்று.

இரண்டாவது வாரம் ஒரு காரின் பின்சக்கரங்களுக்குத் தானே தனியாக மட்ஃபிளாப் மாட்டினார். வண்டி ஜாக்கியில் நின்றது. ரப்பருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நல்ல இடைவெளி. தரைக்கும் ரப்பருக்கும் நடுவில் தாராளமான இடம். எல்லா ஸ்குரூவையும் இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"முடிஞ்சுதுங்க அம்மிணி."

"எறக்குங்க."

இறக்கினார். அப்போதும் சரியாகத்தான் இருந்தது.

கலாமணி கார்க்காரரையும், பக்கத்துக் கடை டீ மாஸ்டரையும் கூப்பிட்டுப் பின் சீட்டில் உட்கார வைத்தார். பிறகு கடைக்குள் போனார். மூலையில் ஒரு சின்ன அரிசிச் சிப்பம் இருந்தது. உள்ளே இருந்தது அரிசி அல்ல, ஆற்று மணல். வாயை இரட்டைத் தையல் போட்டு மூடியிருந்தது. சிப்பத்தின் மேல் கறுப்பு மையில் 22 என்று எழுதியிருந்தது. அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கி வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டார்.

வண்டி பின்பக்கம் தாழ்ந்தது. ரப்பரின் நுனி தரைக்கு இரண்டு விரல் தூரத்துக்கு வந்துவிட்டது. ஒரு வேகத்தடை போதும், பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

"தூக்கி நிறுத்தியிருக்கறப்ப எல்லா வண்டிலயும் எடம் இருக்குங்ணா," என்றார் கலாமணி. "ஆளு ஏறுனாத்தான் தெரியும். கனத்தை ஏத்தி வெச்சுட்டு அப்புறம் கடைசி ஸ்குரூவை இறுக்குங்க."

அந்தக் கடையில் அதுதான் வழக்கம். எந்த வண்டியானாலும் கடைசி ஸ்குரூவுக்கு முன்னால் பின் சீட்டில் இரண்டு ஆள், நடுவில் மணல் சிப்பம். எதற்கு அந்தச் சிப்பம் என்று யாராவது கேட்டால், "நடுவுலயும் ஆள் உக்காருவாங்கல்லங்க" என்பார் கலாமணி. கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் உதவியாக இருக்கட்டுமே என்று திருமூர்த்தி சிப்பத்தைத் தூக்கப் போனார்.

"அத வைங்க!"

கலாமணி குரலை உயர்த்தி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. டீ மாஸ்டர் கூடத் திரும்பிப் பார்த்தார். கலாமணி வந்து சிப்பத்தைத் தானே தூக்கிக்கொண்டு போனார். பெல்ட்டைப் போட்டுவிட்டு, சிப்பத்தின் மேல் உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார். தட்டியது தெரிந்து செய்ததாக இல்லை.

திருமூர்த்திக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வயதுக் குழந்தை எவ்வளவு எடை இருக்கும் என்று பிள்ளை பெற்ற எவருக்கும் தெரியும். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

மாதங்கள் போயின. வேலை கையில் படிந்தது. முன்சக்கரத்தைக் கழற்றாமல், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து, உள்ளே இருக்கும் கிளிப்பை எடுக்கக் கற்றுக்கொண்டார். மாட்டிய பிறகு இரண்டு பக்கமும் ஒடித்து ரப்பர் எங்கேயும் உரசுகிறதா என்று கேட்கக் கற்றுக்கொண்டார். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை. தினமும் பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் ஒத்திகை பார்ப்பார். கடை வாசலில் இறங்கும்போது எல்லாம் போய்விடும்.

ஒரு தடவை சுற்றி வளைத்துக் கேட்டார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"மட்ஃபிளாப் இல்லாத வண்டி ஒண்ணு போகுது. சேறு தெறிச்சுப் பின்னால வர்றவங்க உளுந்துடறாங்கன்னு வெச்சுக்குங்க. தப்பு யாருதுங்க?"

"வண்டிய ஓட்டுனவங்களது."

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். இதற்குத்தான் இத்தனை மாதம் காத்திருந்தது போல இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார்.

"உளுந்த வண்டிய ஓட்டுனவங்களது," என்றார் கலாமணி. "வேலையப் பாருங்கண்ணா."

திருமூர்த்தி வண்டிக்கு அடியில் நகர்ந்து படுத்தார்.

ஆடி மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு தென்னந்தோப்புக்காரர் புது எலக்ட்ரிக் காரோடு வந்தார். மனைவி மட்ஃபிளாப் மாட்டி வரச் சொல்லியிருந்தார். அவர் ரப்பரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதையப் போட்டா வண்டி அழகே போயிருமுங்களே," என்றார்.

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த திருமூர்த்தியின் கை அப்படியே நின்றது.

"அழகுக்கில்லீங்க," என்றார் கலாமணி.

"சேறு பட்டாக் கழுவிக்கலாமுங்க. என்ற வண்டிதானே."

"உங்க வண்டிக்குமில்லீங்க. பின்னால வர்றவங்களுக்கு."

"பின்னால வர்றவன் பாத்து வரோணும்," என்று சிரித்துவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர்தான். போகும்போது டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டுப் போனார்.

கலாமணி அந்த ரப்பரைத் துடைத்துத் திரும்ப அடுக்கில் வைத்தார். திருமூர்த்தி அன்று டீ குடிக்கவில்லை, சோறும் தின்னவில்லை. இன்னொருவர் வாயிலிருந்து தன் சொல்லைக் கேட்பது பெரிய தண்டனை.

மறுநாள் காலையில் காரின் உறையை உருவினார். வண்டி கிளம்பவில்லை. ஒன்பது மாதம் கிடந்ததில், வண்டியை எழுப்பிவிடும் சின்ன பேட்டரி செத்திருந்தது. அதற்கு உயிர் கொடுத்து, சார்ஜ் ஏற்றி, கடைக்கு வந்து சேரும்போது பதினொரு மணி. மழை தூறிக்கொண்டிருந்தது.

"அட, அண்ணனும் கார்க்காரர்தானா!" என்று கலாமணி சிரித்தார். "இத்தன நாளா பஸ்ல தொங்கிட்டு வந்தீங்களே, இவ்வளவு ஊமையா?"

சுற்றிப் பின்னால் வந்து குனிந்து பார்த்தார்.

"இதுக்கும் இல்ல பாருங்க. கடைல வேலை பாக்கறவரு வண்டிக்கே இல்லீன்னா நம்மள ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. இன்னைக்கு உங்க கையாலயே மாட்டுங்க. நான் சிப்பத்தை எடுத்துட்டு வர்றேன்."

சிப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பின்கதவைத் திறக்கக் கை நீட்டினார்.

"அம்மிணி," என்றார் திருமூர்த்தி. "இந்த வண்டில அத வைக்காதீங்க."

"ஏனுங்க?"

"ஐப்பசில வாய்க்கால் பாலத்துல உங்களத் தாண்டிப் போனது இந்த வண்டிதானுங்க. ஓட்டுனது நான்."

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. கலாமணி சிப்பத்தைக் கீழே வைக்கவில்லை. காரைப் பார்த்தார். அதன் வெள்ளை நிறத்தைப் பார்த்தார். பின்சக்கரத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் கண்ணுக்குத் தெரிந்தது அந்த வெள்ளை மட்டும்தான். அதற்கப்புறம் கண்ணில் சேறு.

"தெரிஞ்சுதான் வேலைக்கு வந்தீங்களா?"

"சொல்றதுக்குத்தானுங்க வந்தேன். நீங்க வேலையக் குடுத்துட்டீங்க."

"ஏழு மாசமுங்க."

"ஆமாங்க."

"தெனமும் சோறு போட்டேன்."

"ஆமாங்க அம்மிணி."

"எப்படீங்க தின்னீங்க?"

திருமூர்த்தி கை கூப்பினார்.

"என்ன பண்ணோணுமோ பண்ணுங்க. போலீசுக்குப் போலாம்னா இப்பவே வர்றேன். ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ராத்திரி பகலா அதுதான் ஓடிட்டு இருக்குது. அன்னைக்கு இந்த ரப்பர் இருந்திருந்தா உங்க கவினயா பொழைச்சிருக்குமுங்களா?"

குழந்தையின் பெயரை அந்தக் கடையில் யாரும் சொன்னதில்லை.

"சாவியக் குடுங்க," என்றார் கலாமணி.

கார்ச் சாவியைக் கொடுத்தார். கலாமணி சிப்பத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதே மொபெட். இடது பக்கக் கண்ணாடி இல்லை. பின் சீட்டில் மணல் சிப்பத்தை நிமிர்த்தி வைத்து, ரப்பர் கயிற்றால் ஒரு சுற்று சுற்றிக் கட்டினார்.

"நீங்க இதுல முன்னால போங்க. பாலத்துக்கு."

"அம்மிணி..."

"போங்கன்னு சொல்றேன். இருவதுக்கு மேல ஓட்டாதீங்க. ஹெல்மெட்டப் போடுங்க."

குருவுக்குக் கோபம் வராது என்று சொல்வார்கள். கலாமணிக்கு வந்திருந்தது. பாடம் நடத்தும் எண்ணமெல்லாம் அப்போது இல்லை. இந்த மனிதர் தன் இடத்தில் ஒரு தடவை உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கோபத்திலும் ஹெல்மெட்டை மறக்காத பெண் அவர்.

திருமூர்த்தி போனார். மழை கிட்டத்தட்ட விட்டிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு ரோடு காலியாக இருந்தது. முதுகில் மணல் சிப்பம் சாய்ந்திருந்தது. மேட்டில் ஏறும்போது அது பின்னால் சாயும், இறங்கும்போது வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பாலம் வந்தது. அதே பள்ளம். அதே செம்மண் தண்ணீர். ஒன்பது மாதத்தில் யாரும் ஒரு கூடை மண் கொட்டவில்லை.

என்ன வரப் போகிறது என்று அவருக்குத் தெரியும். எப்போது என்றுதான் தெரியவில்லை. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். ஒரு சத்தமும் கேட்கவில்லை. திடீரென்று வலது தோளுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ நகர்ந்தது. தாண்டியது. தண்ணீரில் இறங்கியது.

சேறும் பொடிக்கல்லும் முகத்தில் அறைந்தன. உலகம் சிவப்பாகி இருட்டியது. மொபெட்டின் முன்சக்கரம் இடது பக்கம் வழுக்கியது. காலை ஊன்றினார். வண்டி ரோட்டோரப் புல்லில் சாய்ந்து நின்றது. கயிறு அவிழ்ந்தது. பின்னால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

திருமூர்த்தி திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் சட்டையால் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. சிப்பம் ரோட்டில் கவிழ்ந்து கிடந்தது. தையல் பிரியவில்லை. போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். நிமிர்த்தி உட்கார வைத்துத் தோளில் கிடந்த துண்டால் சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் துடைக்க அவருக்கு அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயது மனிதர் நடு ரோட்டில் உட்கார்ந்து வாய் விட்டு அழுதார்.

கார் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தது. கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கலாமணி ஓடி வந்தார்.

"அடி பட்டுதுங்களா?"

திருமூர்த்தி இல்லை என்று தலையை ஆட்டினார். தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, நான் பிரேக் புடிக்கோணும்னு நெனைக்கவே இல்லீங்க."

கலாமணி நின்றுவிட்டார்.

"புடிக்கக் கூடாது, புடிக்கக் கூடாதுன்னுதான் சொல்லிட்டே வந்தேன். ஈர ரோட்டுல முன் பிரேக் புடிச்சா வண்டி வழுக்கும்னு எனக்குத் தெரியாதுங்களா? சேறு வரும்னும் தெரியும். எல்லாந் தெரிஞ்சும் கண்ணுல அடிச்சதும் கை தானா புடிச்சிருச்சுங்க."

"தானாவா?"

"தானாத்தானுங்க."

"நெசமாலுமே தானாவா? எனக்காகச் சொல்லாதீங்க."

"கவினயா மேல சத்தியமா. நான் ஒண்ணுமே பண்ணலீங்க. கை புடிச்சிருச்சு."

கலாமணி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். ஸ்குரூ இறுக்கி இறுக்கிக் காய்த்துப் போன கை. சிப்பத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டிலேயே உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரி வராண்டாவுல எங்க வீட்டுக்காரரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு," என்றார். "எதுக்குப் புள்ள பிரேக்கப் புடிச்சேன்னு. அதுக்கப்புறம் அவரு கேக்கல. திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாரு. நான்தான் கேட்டுட்டே இருக்கறேன். சோறு பொங்கறப்ப, ஸ்குரூ இறுக்கறப்ப, படுத்தா. எதுக்குடி புடிச்சே, எதுக்குடி புடிச்சேன்னு."

"அம்மிணி..."

"பள்ளிக்கோடத்துல கடைசியா எடை பாத்தப்ப இருவத்திரெண்டு கிலோங்க. இருவத்தஞ்சு ஆகோணும், நல்லாச் சாப்புடு சாப்புடுன்னு அன்னைக்குக் காத்தால கூடத் திட்டுனேன்."

ஒன்பது மாதமாக அந்தப் பெண் அழுது யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பாலத்தில் அழுதார். திருமூர்த்தி எழுந்து போகவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. ஒரு லாரி வந்தது. டிரைவர் இவர்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, பள்ளத்தைச் சுற்றி மெதுவாக ஒதுங்கிப் போனார்.

லாரி போன பிறகு திருமூர்த்தி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலீங்களே, அம்மிணி. அந்த ரப்பர் இருந்திருந்தா?"

கலாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன்னால் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தார். பின்சக்கரத்துக்குக் கீழே செம்மண் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்தார். குனிந்து சிப்பத்தின் ஒரு முனையைப் பிடித்தார். தினமும் நாலைந்து தடவை தனியாகவே தூக்கிப் பழகியவர், இப்போது தூக்காமல் நின்றார்.

"உங்க வண்டி நடு சீட்டுல வைக்கோணும்," என்றார். "அந்தப் பக்கம் நீங்க புடிங்கண்ணா."